வகுப்பறையில் தனித்து விடப்படும் ஆசிரிய மாணவர்கள்

நாட்டின் கல்வித்துறை பற்றிய விவாதங்கள் எழும்போதெல்லாம் பாடத்திட்டம், பரீட்சை, பாடநூல், ஆசிரியர் சம்பளம் ஆகியனவே முன்னிலைப்படுத்தப்படுகின்றன. இவை யாவும் முக்கியமானவையே. ஆயினும், பாடசாலையொன்றின் வகுப்பறைக்குள் முதன்முறையாகக் காலடி எடுத்து வைக்கும் ஆசிரிய மாணவர் ஒருவரின் ஆரம்ப நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்பது குறித்து எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. 23 அல்லது 24 வயதில் சேவையில் இணையும் ஒருவர், 60 ஆவது வயதில் ஓய்வுபெறும் வரை 35 ஆண்டுகளுக்கும் அதிகமான காலம் கற்பிக்கப் போகின்றவர். அவர் பிரம்பை நம்பும் ஆசிரியராவாரா, குறிப்புச் சொல்லி எழுதுவிப்பதுடன் திருப்தியடைவாரா, அன்றிப் பிள்ளைக்கு ஏன் விளங்கவில்லை என்று தேடுபவராக வளர்வாரா என்பது பெரும்பாலும் அந்த முதற் சில வாரங்களிலேயே உருப்பெறத் தொடங்கிவிடுகின்றது. அந்த வாரங்களை நாம் தற்செயலுக்கு விட்டுவிட்டிருக்கின்றோம் என்பதே இங்கு நாம் சுட்டிக்காட்ட விரும்பும் விடயமாகும்.

இலங்கையில் ஆசிரியத் தொழிலுக்குள் நுழைவதற்குப் பல வாயில்கள் உள்ளன. பட்டதாரிகள் பலர் முதலில் நியமனம் பெற்றுக் கற்பிக்கத் தொடங்கி, பின்னரே திறந்த பல்கலைக்கழகத்திலோ கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்திலோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பயில்கின்றனர். நீச்சல் கற்பதற்கு முன்னரே ஆற்றில் இறக்கிவிடும் முறை இது. இதற்கு மாறாக, 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள், முதலில் பயிற்சி, பின்னர் நியமனம் என்ற ஒழுங்கைக் கொண்டவை. இன்று நாட்டில் இத்தகைய கல்லூரிகள் பல இயங்குகின்றன. கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரி, வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஸ்ரீபாத, தர்கா நகர் ஆகியன தமிழ்மொழிமூல ஆசிரியர்களை உருவாக்குவதில் முதன்மையானவை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின் அடிப்படையில் தெரிவாகும் மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் பயின்று, மூன்றாவது ஆண்டைப் பாடசாலையொன்றில் கட்டுறு பயில்வாகக் கழித்து, கற்பித்தல் தேசிய டிப்ளோமாவைப் பெறுகின்றனர்.

முழுதாக ஓராண்டைப் பாடசாலையில் கழிக்கச் செய்யும் இந்த ஏற்பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இந்தியாவில் 2014 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி பி.எட். கற்கைநெறி இரண்டு ஆண்டுகளாக நீடிக்கப்பட்டபோது கூட, பாடசாலைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட காலம் 20 வாரங்களே. எமது திட்டத்தில் கால அளவு தாராளமாகவே இருக்கின்றது. அக்காலத்தில் என்ன நிகழ்கின்றது என்பதிலேயே கோளாறு உள்ளது.

இதனை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் விளக்கமாயிருக்கும். கொழும்பு 9 எனப்படும் தெமட்டகொடையை எடுத்துக்கொள்வோம். புகையிரத எஞ்சின்கள் தரித்து நிற்கும் கொட்டகை, ஓயாத வாகன இரைச்சலுடன் பேஸ்லைன் வீதி, மழைக்காலத்தில் கரையை மீறத் துடிக்கும் கால்வாய், நெருக்கமான தோட்டக் குடியிருப்புகள், அவற்றிலிருந்து அகற்றப்பட்டோருக்கெனக் கட்டப்பட்ட உயர்மாடிகள் என்பன அப்பகுதியின் அடையாளங்கள். முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் ஒரே ஒழுங்கையில் வாழும் இடம் அது. இப்பகுதியின் தமிழ்மொழிமூல வகுப்பறையொன்றில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தமிழ் ஒரே தமிழன்று. ஒரு பிள்ளை வீட்டில் பேசுவது கொழும்பு முஸ்லிம்களின் தமிழ். இன்னொரு பிள்ளையின் பெற்றோர் மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்தவர்கள். மற்றொரு பிள்ளை ஒழுங்கையில் விளையாடுவது முழுக்க முழுக்கச் சிங்களத்தில். பாடநூலின் தமிழோ இவர்களுள் எவருடைய வீட்டிலும் பேசப்படாதது.

இத்தகைய வகுப்பறைக்கு மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வரும் ஆசிரிய மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கொழும்பு மாநகர எல்லைக்குள் தேசிய கல்வியியற் கல்லூரி எதுவும் இல்லாததால் தலைநகரத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்கு வரும் இளம் ஆசிரியர்களுள் பலர் இந்த நகரத்துக்கே புதியவர்கள். தங்குமிடம் தேடுவதிலும் பஸ் இலக்கங்களை மனனம் செய்வதிலும் முதல் வாரம் கரைந்துவிடும். காலை 7.30 மணிக்குப் பாடசாலை தொடங்கி 1.30 மணிக்கு முடிவடைகின்றது. 40 நிமிடங்கள் கொண்ட எட்டுப் பாடவேளைகள். புதியவர் வந்ததும் அதிபர் மனமார மகிழ்கின்றார். ஏனெனில் ஓர் ஆசிரியை பிரசவ விடுமுறையில். இன்னொருவர் இடமாற்றம் பெற்றுச் சென்று மாதங்கள் பல. அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. ஆசிரிய மாணவியின் கையில் நேரசூசி கொடுக்கப்படுகின்றது. அதில் வெற்றிடமாயிருந்த பாடவேளைகள் யாவும் அவரது பெயரில் நிரப்பப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் அவர் பயின்ற பாடமும் அங்கே அவருக்குக் கிடைத்த பாடமும் ஒன்றாக இருந்தால் அது அவரது அதிர்ஷ்டம்.

அவரிடம் பல பக்கப் பாடக்குறிப்பு இருக்கின்றது. நோக்கம், தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், செயற்பாடு, கணிப்பீடு என்று ஒழுங்காக எழுதப்பட்டது. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து ஒரு செயற்பாட்டைக் கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள திட்டம். மேசைகளை நகர்த்தத் தொடங்கியதுமே இரைச்சல் எழுகின்றது. பக்கத்து வகுப்புக்கும் இந்த வகுப்புக்கும் இடையிலே இருப்பது அரைச்சுவர் அல்லது ஓர் அலுமாரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராயிருந்தால், "புத்தகத்தை எடுங்கோ" என்று அவர் சொன்னவுடனேயே பின்வரிசையில் சிரிப்பொலி கேட்கும். இங்கே 'எடுங்க' என்பதே வழக்கு. வெண்கட்டி என்று அவர் கேட்டால், 'சோக்' என்றே பழகிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். இவை அற்ப விடயங்கள் போலத் தோன்றலாம். முப்பத்தைந்து பிள்ளைகளின் முன்னால் முதல் நாள் நிற்கும் ஒருவருக்கு அற்பமானவை அல்ல. அவ்வேளையில் பக்கத்து வகுப்பின் மூத்த ஆசிரியர் சுவரருகே வந்து நின்று ஒரு பார்வை பார்க்கின்றார். வகுப்பு உடனே அடங்கிவிடுகின்றது. அந்த ஒரு நிமிடத்தில் ஆசிரிய மாணவி கற்றுக்கொள்ளும் பாடம், கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் கற்ற உளவியல் அனைத்தையும் விடப் பலமானது. வகுப்பு அமைதியாக இருந்தால் கற்பித்தல் நன்றாக நடக்கின்றது என்பதே அப்பாடம். அது தவறான பாடம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே எவருமில்லை.

ஆசிரியர் ஓய்வறையில் அவருக்குக் கிடைக்கும் அறிவுரையும் இதே திசையிலேயே அமையும். "முதல் நாளே சிரிச்சுப் பேசாதீங்க டீச்சர், பிறகு இதுகளை அடக்கேலாது" என்பது எமது பாடசாலைகள் பலவற்றிலும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டு வரும் வாக்கியம். சொல்பவர் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை. அவருக்கும் முதல் நாளில் வேறொருவர் அவ்வாறே சொல்லியிருப்பார்.

இந்த அனுபவம் எமக்கு மட்டுமே உரியதன்று. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் சைமன் வீன்மன் பல நாடுகளில் நடைபெற்ற 83 ஆய்வுகளைத் தொகுத்து 1984 இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய ஆசிரியர்கள் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் முதலிடம் பெறுவது வகுப்பறை ஒழுங்கே என்று எடுத்துக்காட்டினார். பயிற்சிக் காலத்தில் வளர்த்துக்கொண்ட இலட்சியங்கள் வகுப்பறையின் அன்றாட யதார்த்தத்தின் முன் நொறுங்கிப்போவதை அவர் ஓர் அதிர்ச்சியாகவே விவரித்தார். அமெரிக்க சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975 இல் வெளியான தமது நூலில் இன்னொரு கோணத்தைக் காட்டினார். ஏனைய தொழில்களைப் பயில்வோருக்கும் ஆசிரியத் தொழிலைப் பயில்வோருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவ மாணவர் ஒருவர் மருத்துவர்களை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்து வளர்ந்தவரல்லர். ஆசிரிய மாணவரோ பிள்ளைப் பருவத்திலிருந்தே ஏறத்தாழ 13 ஆயிரம் மணித்தியாலங்கள் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். ஆகவே நெருக்கடி ஏற்படும் கணத்தில் அவருக்குக் கைகொடுப்பது கல்லூரி விரிவுரையன்று. தமது பழைய ஆசிரியரின் நிழலே. அந்த ஆசிரியர் பிரம்பு வைத்திருந்தவரென்றால் இவரது கையும் பிரம்பைத் தேடும்.

பிரம்பு பற்றிக் கூறுமிடத்து ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலமும், பின்னர் 12/2016 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலமும் பணித்தது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை மனுவில், நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2021 இல் வெளியானது. அத்தகைய தண்டனை அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறுவதாகும் என அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. இவை வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சுற்றுநிருபம் என்ன செய்யக்கூடாது என்று மட்டுமே சொல்கின்றது. முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் கதைக்கும்போது அடிக்காமலும் கத்தாமலும் என்ன செய்வது என்பதை எந்தச் சுற்றுநிருபமும் கற்பிக்க முடியாது. அதனை அறிந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தே கற்க வேண்டும். பின்னர் தாம் கற்பிக்கையில் அவர் பின்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும்.

பார்த்துக் கற்கும் இம்முறை எமது மண்ணுக்குப் புதியதுமன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்தறிவித்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியைப் பொறுப்பேற்றிருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தமது விடுதியிலும் புகுத்த முனைந்தார். அவருடைய உதவி ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே ஜோன் பிறிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797 இல் பெல் இப்பரிசோதனை பற்றி இலண்டனில் நூலொன்றை வெளியிட்டார்; 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செலவு குறைவு என்பதே அம்முறை அங்கு பெற்ற வரவேற்புக்குப் பெரும் காரணமாயிற்று என்பதைக் கவனத்திற்கொள்ள வேண்டும். அரை நூற்றாண்டு கழிவதற்குள் அதன் குறைகள் வெளிப்பட்டன. மனனம் செய்விப்பதற்கு அப்பால் சிறுவர்களால் செல்ல முடியவில்லை. 1846 இல் ஜேம்ஸ் கே-ஷட்டில்வேர்த்தின் முயற்சியால் அங்கு மாணவ ஆசிரியர் முறை அறிமுகமானது. 13 வயதில் சேரும் மாணவ ஆசிரியர் ஐந்து ஆண்டுகள் தலைமையாசிரியரின் கீழ் பயிலுநராக இருக்க வேண்டும். அவருக்குக் கற்பிக்கும் பொறுப்புக்காகத் தலைமையாசிரியருக்கும் தனியாகக் கொடுப்பனவு வழங்கப்படும். வழிகாட்டுவது ஊதியத்துக்குரிய தனியான வேலை என்பதை 1846 இலேயே ஓர் அரசு ஏற்றுக்கொண்டிருந்தது என்பதை எமது கல்வி அமைச்சின் அதிகாரிகள் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

எமது முன்னோடிகள் இருவரின் வாழ்க்கையும் இங்கு நினைவுக்கு வருகின்றது. ஆறுமுக நாவலர் தாம் பயின்ற யாழ்ப்பாணத்து மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலேயே இருபது வயதளவில் கற்பிக்கத் தொடங்கியவர். பின்னர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தபோது, அவரிடம் கற்பித்தல் அனுபவம் இருந்தது. வகுப்புக்கு ஏற்றவாறு படிப்படியாக அமைந்த பாலபாடங்களை அவரால் எழுத முடிந்தமைக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தராக அறியப்பட்டவர், பதினாறு வயதில் கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, கிழக்கில் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குள் பிரவேசித்தார். முதலில் வகுப்பறை, பின்னர் பயிற்சி. இன்றைய பட்டதாரி ஆசிரியரின் பாதையும் அதுவே. ஆனால் எல்லோரையும் விபுலாநந்தராக எதிர்பார்த்து ஒரு முறைமையை வகுக்க முடியாது. மேதைகளுக்கு வழிகாட்டி இல்லாவிட்டாலும் வழி திறக்கும். சாதாரண திறமையும் நல்ல மனமும் கொண்ட ஆயிரக்கணக்கான இளைஞர் யுவதிகளுக்கென்றே பயிற்சித் திட்டம் வகுக்கப்படுகின்றது.

அவ்விளைஞர்களை நாம் எவ்வாறு நடத்தி வந்திருக்கின்றோம் என்பதற்கு மலையகம் ஒரு சான்று. 2015 இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் பேரளவில் ஆசிரிய உதவியாளர்களை உள்வாங்கும் திட்டத்தின் கீழ் நியமனங்கள் வழங்கப்பட்டன. அவர்களுக்கு மாதாந்தம் கிடைத்தது 6 ஆயிரம் ரூபா கொடுப்பனவு. போராட்டங்களின் பின்னரே அது 10 ஆயிரமாக உயர்ந்தது. பயிற்சி பெறுவதற்கு முன்னரே வகுப்பறையின் முழுச் சுமையும் அவர்கள் தோள்களில் ஏற்றப்பட்டது. ஒருபுறம் ஆசிரியர், மறுபுறம் மாணவர் என்ற இரட்டை நிலையில், இரண்டில் எதற்குரிய மதிப்பும் கிடைக்காமல் அவர்கள் கடந்த ஆண்டுகளை எவரும் எளிதில் ஈடுசெய்துவிட முடியாது.

அண்மைய ஆண்டுகளின் நெருக்கடிகள் நிலைமையை மேலும் சிக்கலாக்கின. 2020 மார்ச்சில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது கல்வியியற் கல்லூரிகளும் வெறிச்சோடின. அவற்றுட் சில தனிமைப்படுத்தல், சிகிச்சை நிலையங்களாகவும் மாற்றப்பட்டன. அக்காலத்து ஆசிரிய மாணவர்கள் கற்பித்தல் முறைகளைக் கைத்தொலைபேசித் திரையில் கற்க நேர்ந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கற்பித்தலைக் கற்பது எத்தகைய விபரீதம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியையடுத்து, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில், ஓய்வு வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டதால், அரச சேவையில் பெருந்தொகையானோர் டிசெம்பர் 31 ஆம் திகதியுடன் விடைபெற்றனர். பாடசாலைகளிலிருந்து இவ்வாறு வெளியேறியவர்கள் யார்? இளையவர் அருகில் நின்று வழிகாட்டக்கூடிய அனுபவசாலிகளே. வெற்றிடங்களை எண்ணிக்கையாகக் கணக்கிட்ட அதிகாரிகள், அவர்களுடன் வெளியேறிய அனுபவத்தைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

இடையில் ஒன்று. அதே 2022 இன் இறுதியில் ஆசிரியைகள் புடைவை அணிய வேண்டுமா, வேறு உடை அணியலாமா என்பது பற்றி நாடே விவாதித்தது. ஊடகங்களாகிய நாமும் அதற்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கினோம். ஆசிரியை எதை உடுத்துகிறார் என்பதற்கு ஒதுக்கிய அக்கறையில் ஒரு பகுதியையேனும், அவர் யாரிடம் தொழில் கற்கிறார் என்பதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

தெமட்டகொடைக்குத் திரும்புவோம். அங்கு கற்பிக்க வருபவருக்குப் பாட அறிவு மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்கால வரலாறே போதுமான விளக்கம். 2016 மே மாத வெள்ளம் அயலிலுள்ள கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது; அப்பகுதிப் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் அது விட்டுவைக்கவில்லை. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், சற்றுத் தொலைவிலுள்ள மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து குடும்பங்களையே புதைத்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுள் ஒன்று தெமட்டகொடையிலுள்ள வீடொன்றிலேயே நிகழ்ந்தது. சோதனையிடச் சென்ற பொலிஸார் மூவர் அங்கே உயிரிழந்தனர். அதன் பின்னர் அயலவர் அயலவரைச் சந்தேகத்துடன் பார்த்த மாதங்களை அப்பகுதிப் பிள்ளைகள் தத்தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கண்டனர். வகுப்பில் ஒரு பிள்ளை திடீரெனப் பேசாமல் போவதற்கும் இன்னொரு பிள்ளை காரணமின்றிச் சண்டையிடுவதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, வெளியூரிலிருந்து வந்து மூன்றாவது நாளே ஆன ஆசிரிய மாணவி எவ்வாறு அறிவார்? அதே பாடசாலையில் இருபது ஆண்டுகள் கற்பித்த ஆசிரியை அறிவார். இவ்விருவரையும் வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் ஒன்றாக அமரச் செய்யும் ஏற்பாடு எமது நேரசூசியில் இல்லை.

ஏட்டளவில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் பெயரிடப்படுகின்றார் என்பதை மறுப்பதற்கில்லை. கல்லூரி விரிவுரையாளரும் இடையிடையே வந்து பார்வையிடுகின்றார். ஆயினும் வழிகாட்டி ஆசிரியரின் சொந்தப் பாடவேளைகள் எவ்வகையிலும் குறைக்கப்படுவதில்லை. ஆசிரிய மாணவி ஒரு வகுப்பில் திணறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அவர் வேறொரு வகுப்பில் கற்பித்துக்கொண்டிருப்பார். எஞ்சுவது கோவை மட்டுமே. பாடக்குறிப்புகளும் பிரதிபலிப்புக் குறிப்புகளும் கோர்க்கப்பட்டு, கையொப்பமும் திகதியும் இடப்பட்ட தடித்த கோவை. கோவை அழகாக இருந்தால் பயிற்சியும் நன்றாக நடந்ததாகக் கொள்ளப்படுகின்றது.

ஏனைய நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன? ஸ்கொட்லாந்தில் 2002 இல் அறிமுகமான திட்டத்தின்படி, தகைமை பெற்று வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ஓராண்டுப் பணி உத்தரவாதப்படுத்தப்பட்டது. ஆரம்பத்தில் அவர்களது வகுப்பறை நேரம் முழுநேர ஆசிரியருடையதில் 70 வீதமாக மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய நேரம் பிறர் கற்பிப்பதைப் பார்ப்பதற்கும் பொறுப்பாசிரியருடன் உரையாடுவதற்கும் உரியது. இங்கிலாந்தில் 2021 செப்டெம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுகள் ஆதரவுக் காலம் விதிக்கப்பட்டது. முதலாம் ஆண்டில் 10 வீதமும் இரண்டாம் ஆண்டில் 5 வீதமும் கற்பித்தல் நேரம் குறைக்கப்பட்டு, வழிகாட்டி ஒருவரும் நியமிக்கப்படுகின்றார். இவை செல்வந்த நாடுகள். எமக்குக் கட்டுப்படியாகாது என்ற பதில் உடனே வரும். அப்பதிலை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. கொழும்பின் சிறிய தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றின் அதிபரிடம், வந்தவருக்கு வேலையைக் குறையுங்கள் என்று சொன்னால், "ஆசிரியரில்லாத வகுப்பை யாரிடம் கொடுப்பது?" என்று அவர் கேட்பார். அவரது கேள்வி நியாயமானதே. வெற்றிடங்களை உரிய காலத்தில் நிரப்பாத நிருவாகமே அவரை அந்த நிலைக்குத் தள்ளியது. ஆனால் அந்த வெற்றிடத்தின் விலையைப் பயிற்சி பெற வந்த 23 வயது யுவதியும் அவரிடம் கற்கும் பிள்ளைகளும் செலுத்துவது எவ்வகையில் நியாயம்?

செய்யக்கூடியவை உள. முதல் நான்கு வாரங்களில் ஆசிரிய மாணவரிடம் எந்தவொரு வகுப்பும் தனியாக ஒப்படைக்கப்படக்கூடாது. வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பும் வழக்கமும் அக்காலத்தில் நிறுத்தப்பட வேண்டும். வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகளேனும் விடுவிக்கப்பட வேண்டும். அவருக்குச் சிறு கொடுப்பனவோ, பதவி உயர்வில் கணக்கிலெடுக்கப்படும் சான்றோ வழங்கப்படலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டியைச் சேவை மூப்பினால் மட்டும் தெரிவு செய்தல் ஆகாது. மூத்தவர்கள் எல்லோரும் நல்ல வழிகாட்டிகள் அல்லர் என்பதை எந்த ஆசிரியர் ஓய்வறையும் ஒப்புக்கொள்ளும். தெமட்டகொடை, மருதானை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் அருகருகே சிறு பாடசாலைகள் இருப்பதால், ஒரு பாடத்துக்கு ஒருவர் என்ற அடிப்படையில் வழிகாட்டிகளைப் பல பாடசாலைகள் பகிர்ந்துகொள்வதும் சாத்தியமே. கல்வியியற் கல்லூரிகள் பிரதேசப் பேச்சுவழக்குகள் பற்றியும் பன்மொழி வகுப்பறை பற்றியும் ஒரு சில மணித்தியாலங்களைக் கூட ஒதுக்கினால் போதும். 'எடுங்கோ' என்பதற்கு எழும் சிரிப்பைக் கண்டு அஞ்சாமல், அதனையே மொழிப் பாடமாக மாற்றும் துணிவு இளையவருக்கு வந்துவிடும்.

2026 ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தவெனத் திட்டமிடப்பட்ட கல்விச் சீர்திருத்தம், மனனத்தைக் குறைத்துச் செயற்பாட்டை வலியுறுத்துகின்றது. அது குழுவேலையையும் பிள்ளையின் பேச்சையும் வேண்டி நிற்கும் சீர்திருத்தம். அதாவது இரைச்சலுள்ள வகுப்பறைகளை வேண்டி நிற்கும் சீர்திருத்தம். அந்த இரைச்சலைக் கண்டு பதறாத ஆசிரியர்கள் தேவை என்பது இதன் பொருள். தற்போது கல்லூரிகளிலுள்ள அணிகளே அப்பணியை ஏற்கப் போகின்றன. அவர்கள் பாடசாலைகளுக்கு அனுப்பப்படுவதற்கு முன்னர், மேற்கூறிய ஏற்பாடுகளைக் கொழும்பு வலயத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் சிலவற்றிலேனும் ஓராண்டுக்குப் பரீட்சித்துப் பார்க்குமாறு நாம் கல்வி அமைச்சைக் கோருகின்றோம். அதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவைப்படாது. இரண்டு பாடவேளைகளை விடுவிக்கும் சுற்றுநிருபமொன்றும், அந்நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மேலதிக ஆசிரியர் சிலரும் போதும்.